ஒட்டுப்பக்கம்

"அப்ப கை எங்க?"

எந்த நாவலைப் பற்றியும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கதாநாயகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே பேருந்தை வளைவில் திருப்பினான் என்று எங்களில் யாராவது வாசித்தால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்பார்.

"ஒரு கை ஸ்டியரிங்ல. ஒரு கை கியர்ல. கண்ணத் தொடச்சது யாரு, கண்டக்டரா?"

நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கையை வரைந்து வைப்பார். ஐந்து விரலும் மணிக்கட்டும் மட்டும் இருக்கும். எங்கள் வட்டத்துப் புத்தகங்களில் அப்படிப்பட்ட கைகள் ஏராளம்.

புதுச்சேரியில் வாசகர் வட்டங்களுக்குக் குறைவில்லை. கவிதைக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக்கு ஒன்று, பிரெஞ்சு பேசிப் பழக ஒன்று. இவர் நடத்தியது வேறு மாதிரி. கதையில் வருகிறவன் என்ன வேலை செய்கிறான், அந்த வேலையை எழுத்தாளர் சரியாக எழுதியிருக்கிறாரா என்பதை மட்டும்தான் அங்கே பேசலாம். காதல், தத்துவம், நடை எதற்கும் இடமில்லை. யாராவது "மொழி ரொம்ப அழகா இருக்குக்கா" என்று ஆரம்பித்தால், "அத வேற கடையில விக்கறாங்க, அங்க போய்ப் பேசுங்க" என்பார்.

அவருடைய தம்பி சூட்கேஸ் கடை வைத்திருந்தார். அதன் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை, அவர் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்த பிறகு, கூட்டம் தொடங்கும். நாற்காலி போதாவிட்டால் விலைபோகாத பெரிய சூட்கேஸ்களின் மேல் உட்காருவோம். மொத்தம் ஏழு பேர். மருந்துக்கடையில் வேலை செய்த செல்வி ஒருவர். மின்துறை அலுவலகத்தில் இருந்த நான் ஒருவன். ஊரில் நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், வட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பு என் பொறுப்பாயிற்று. அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "கரண்ட் ஆபீஸ், எழுதிக்கிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்.

தேதி இல்லாமல் எழுதுவது எனக்கு வராது. இந்த ஒரு கட்டுரையில் மட்டும் எல்லாத் தேதிகளையும் விட்டுவிட்டேன். அவருடைய பெயரையும் விட்டிருக்கிறேன், மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒருவரைப் பெயர் சொல்லாமலே அடையாளம் காட்டிவிட முடியும் என்று அந்த மாடியில்தான் தெரிந்துகொண்டேன்.

வட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறுகளில் நாவலை வாசித்து முடிப்போம். கடைசி ஞாயிறு, அந்த நாவலில் வரும் வேலையை உண்மையிலேயே செய்கிற ஒருவரை அழைத்து வருவோம். எது சரி, எது தவறு என்று அவர் சொல்லச் சொல்ல இவர் கேட்டுக்கொண்டே போவார். பிறகு தவறான இடத்தைத் தானே சரியாகத் திருப்பி எழுதுவார். ஒரே ஒரு பக்கம். வந்தவர் அதை வாசித்துப் பார்த்துச் "சரி" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் தட்டச்சு செய்து, எங்கள் பிரதியில் அச்சான பக்கத்தின் மேலேயே ஒட்டிவிடுவோம். அதற்கு ஒட்டுப்பக்கம் என்று பெயர். ஒட்டியதைப் படம் எடுத்து எங்கள் வாட்சப் குழுவில் போடுவோம்.

வந்தவர்கள் பலவிதம். நொத்தேரிடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து முறைப்படி பத்திரம் எழுதுகிறவரிடம், எழுத்தராக இருந்த ஒரு பெரியவர் வந்தார். நாவலில் பணக்காரர் இறந்ததும் குடும்பம் முழுவதும் கூடத்தில் உட்கார, வக்கீல் உயிலை உரக்க வாசிக்கிறார். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மதாம், அப்படி எல்லாரையும் ஒக்கார வச்சிப் படிச்சா அங்கயே இன்னொரு சாவு விழும்." ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர் ஒருவர் வந்தார். விடியற்காலை ரொட்டி வாசனையில் மெய்மறந்து நிற்கும் கதாநாயகனைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்த வாசனை எனக்கு வராதுக்கா, வந்தா லீவு முடிஞ்சி வந்திருக்கேன்னு அர்த்தம்" என்றார். அன்றைக்கு எங்கள் அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தங்க வளையல் கிடைத்த மாதிரி அந்த வாக்கியத்தை மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.

ஆனால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போகவில்லை. பிரசவ வார்டில் இருந்த ஒரு செவிலியர் வந்திருந்தார். நாவலில் பிறந்த குழந்தை அழாமல் கிடக்கும் காட்சி. "அழலன்னா ஒடனே என்னா பண்ணுவீங்க?" என்று இவர் கேட்டார். அவர் சொன்னார். "அதுக்கும் அழலன்னா?" சொன்னார். "அப்ப ஒங்க கை எங்க இருக்கும்?" அந்தப் பெண் காற்றில் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார். குவித்த கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டீயை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

"அந்தம்மா முகம் சரியில்லக்கா" என்றார் செல்வி.

"ஆனா சரியாச் சொன்னாங்க" என்றார் இவர், எழுதிக்கொண்டே.

அவர் கெட்டவர் இல்லை. செவிலியரின் வீட்டுக்கு மறுவாரமே பழம் வாங்கிக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் கேட்கும்போது அவரால் நிறுத்த முடியாது. ஓய்வு பெறும் வரை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவர். லாரியின் நசுங்கலைப் பார்த்து, இது மாட்டு வண்டியில் இடித்ததா, மதிலில் இடித்ததா என்று சொல்லிவிடுவாராம். ஒருவன் சொல்கிற கதைக்கும் நடந்ததற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை.

அவருடைய தம்பியே அதில் மாட்டியவர். ஒரு மழைக்காலத்தில் கடைக்குள் தண்ணீர் வந்து சரக்கு நனைந்துவிட்டது. தம்பி இழப்பீடு கேட்டார். சொந்தக்காரர் என்பதால் அந்தக் கோப்பு அக்காவிடம் வரவே இல்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. அவராகவே பக்கத்து மேசைக்காரரிடம் போய், கீழ் வரிசைப் பெட்டிகள் போன வருஷமே பூஞ்சை பிடித்தவை என்று சொல்லிவிட்டு வந்தார். தம்பி நெடுநாள் பேசவில்லை. பிறகு எப்படியோ பேசி, மாடியையும் கொடுத்தார். எங்களுக்கு டீ கொண்டுவரும்போது மட்டும் வாசலில் நின்று சொல்வார்: "பாத்துப் பேசுங்க. எங்க அக்கா எல்லாத்தையும் எழுதி ஆபீஸுக்கு அனுப்பிடும்."

நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் நடைபாதையில் செல்வி வாங்கிவந்த ஒரு துப்பறியும் நாவல்தான் அந்த மாதத்துக்கு. ஏ.டி.எம். இயந்திரங்களில் பணம் நிரப்பும் இரண்டு பேர் அதில் வருகிறார்கள். பெட்டகத்துக்கு இரண்டு எண் பூட்டு. ஒன்றின் எண் ஒருவனுக்கு மட்டும் தெரியும், மற்றதன் எண் இன்னொருவனுக்கு மட்டும். ஒருவன் எண்ணைப் போடும்போது மற்றவன் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறான். இருவரும் ஒருவரையொருவர் நம்புவதில்லை, பேசுவதும் இல்லை. திருடன் இருவரையும் கடத்தினால்தான் பெட்டகம் திறக்கும். கதை அதில்தான் நிற்கிறது.

அந்த வேலையில் இருந்த குமரவேல் என்பவரை அழைத்து வந்தோம். வில்லியனூர்ப் பக்கம் கிராமத்தில் நிலம் உள்ள குடும்பம். அண்ணன் விவசாயம் பார்க்க, இவர் நகரத்தில் பணம் ஏற்றும் வேனில் வேலை பார்த்தார். முப்பதைத் தாண்டியவர். இரண்டு டீ குடித்தார். எங்களை அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. இவ்வளவு பேர் தன் வேலையைப் பற்றிக் கேட்க உட்கார்ந்திருப்பதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நல்லா எழுதியிருக்காருக்கா. சினிமா மாதிரி."

"நல்லா இருக்கறது கெடக்கட்டும். ஒருத்தர் நம்பர் போடறப்ப இன்னொருத்தர் என்னா பண்ணுவாரு?"

"திரும்பி நிக்கணும். ரூல்ஸு."

"ரூல்ஸ் இந்த புக்லயே இருக்கு. நீங்க என்னா பண்ணுவீங்க?"

"பணப் பெட்டியப் புடிச்சிருப்பேன்."

"திரும்பி நின்னுக்கிட்டா?"

குமரவேல் கழுத்தைச் சொறிந்தார்.

"சரி, ஒருத்தருக்கு ஜுரம். அன்னைக்கி?"

"வேற ஆள் அனுப்புவாங்க."

"அனுப்பியிருக்காங்களா? நீங்க சேந்ததுலேர்ந்து?"

அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, பரீட்சையில் எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டவன் மாதிரி சிரித்தார்.

"என்கூட வண்டியில வர்ற அந்தோணிண்ணன் இருக்காரே, அவருக்கு ஜுரம்னா வேன்லயே படுத்திருப்பாரு. நான் ரெண்டு நம்பரையும் போட்டுத் தொறந்துடுவேன். எனக்கு ஒண்ணுன்னா அவரு. கம்பெனில நம்பர மாத்தினா மறுநாளு டீக்கடையிலயே சொல்லிக்குவோம். அவரு நம்பரு எனக்கு என் பொண்ணு பொறந்த நாள் மாதிரி."

அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். கூட்டம் முடிவதற்குள் எழுதி முடித்துவிட்டார். அவர் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று அன்றைக்கே குறிப்பில் எழுதினேன். அதிலிருந்து சில வரிகள்:

"அண்ணன் நீல வேனுக்குள் பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். இவன் உடைந்த படியில் கால் வைத்து ஏறி, முதலில் கீழ்ப் பூட்டில் தன் எண்ணைப் போட்டான். பிறகு மேல் பூட்டில் அவருடைய எண்ணைப் போட்டான். இரண்டும் விரலுக்கு ஒன்றுபோலப் பழகியிருந்தன."

வேனின் நிறத்தையும் துண்டின் நிறத்தையும் இங்கே நான் மாற்றியிருக்கிறேன். அவர் மாற்றவில்லை. ஆட்களின் பெயரை மட்டும் வேறாகப் போட்டிருந்தார்.

"வண்டி நெறத்தையாவது மாத்திடலாமேக்கா" என்று செல்வி சொல்லிப் பார்த்தார்.

"வெள்ளைன்னு போட்டா அது வேற கம்பெனி வண்டி. தப்பாயிடும்."

குமரவேல் வாசித்தார். முகம் மலர்ந்து, "சரிக்கா, அப்படியே இருக்கு. அந்தோணிண்ணங்கிட்ட காட்டணும்" என்றார். நாங்கள் கை தட்டினோம். அந்தோணி என்கிற மனிதரைக் கேட்க வேண்டும் என்று ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்தவர் ஒருவர், "சரி" சொல்ல வேண்டியவரும் அவரே. வட்டத்தின் முறை அப்படி.

பக்கம் குழுவுக்குப் போயிற்று. குழுவிலிருந்து எங்கே போயிற்று என்று பிறகு யாரும் தேடவில்லை. தேடினால் ஏழு பேரும் தலையைக் குனிய வேண்டியிருக்கும். அவ்வளவு நன்றாக இருந்ததால் எல்லோரும் யாருக்காவது அனுப்பியிருந்தோம். நான் என் அக்காள் மகனுக்கு அனுப்பினேன். அவன் வேலை செய்வது வங்கியில்.

சில வாரங்கள் கழித்து, நாங்கள் வேறு நாவலில் இருந்தபோது, அக்காவின் தொலைபேசி அடித்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அக்கா, நம்ம பக்கம் ஆபீஸுக்குப் போயிடுச்சிக்கா." குமரவேலின் குரல் இறங்கியிருந்தது. "வண்டி, துண்டு, படி எல்லாத்தையும் வச்சி நாங்கதான்னு கண்டுபுடிச்சிட்டாங்க. நான் எதுவும் சொல்லலன்னுட்டேன். ஒங்களக் கூப்புடுவாங்க. நானே கற்பனையா எழுதினதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கக்கா. ரெண்டு பேரு வேலை."

"சொல்றேன்" என்றார். உடனே, மனதாரத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அந்தக் கம்பெனி வாசலில் முக்காட்டைச் சரிசெய்தபடி சொன்னார். "பொய் சொல்றவன் நெறைய சொல்லுவான் கரண்ட் ஆபீஸ். அங்கதான் மாட்டுவான். நான் ஒரே வரி. நானா எழுதினது. அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது."

அதிகாரி இளைஞர். மரியாதையாகப் பேசினார். தண்ணீர் கொடுத்தார்.

"மேடம், இது நீங்க எழுதினதா?"

"நானா எழுதினது."

"குமரவேல் சொல்லிக் கேட்டு எழுதினதா?"

"நானா எழுதினது."

"நல்லா இருக்கு மேடம். எனக்குக் கதையெல்லாம் ரொம்பப் புடிக்கும்." கையிலிருந்த தாளைப் பார்த்து அவர் வாசிக்கத் தொடங்கினார். "'அண்ணன் வேனுக்குள் படுத்திருந்தார். இவன் படியில் கால் வைத்து ஏறி, முதலில் மேல் பூட்டில் தன் எண்ணைப் போட்டான்...'"

"கீழ்ப் பூட்டு" என்றார் அக்கா.

அதிகாரி தாளைக் கீழே வைத்தார்.

"எங்க மெஷினோட உள்பக்கம் நீங்க பாத்திருக்கீங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப, கற்பனைன்னா எது மொதல்ல இருந்தா என்னா? கீழ்ப் பூட்டுதான்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

ஒரு வரிக்கு மேல் அக்கா தயார்செய்து வரவில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டரின் சாவியைப் போடாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேணும்னேதான் மாத்திப் படிச்சான்" என்றார். "வாக்குமூலத்தத் தப்பாப் படிச்சிக் காட்டறது. நெஜம் தெரிஞ்சவன் தாங்க மாட்டான், திருத்திடுவான். சர்வீஸ் பூரா நானும் அதத்தான் செஞ்சேன்." என்னைப் பார்க்கவில்லை. "தெரிஞ்சும் திருத்தினேன் பாருங்க."

இருவரையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குமரவேல் ஊரில் அண்ணனோடு நிலத்தில் இறங்கிக்கொண்டார். தொலைபேசியில் கூட அவர் கோபப்படவில்லை. "நான்தானே வாயத் தொறந்தேன், விடுங்கக்கா" என்றார். அதன் பிறகு எடுக்கவும் இல்லை. அந்தோணிக்கு நிலம் இல்லை. காவல், பணம், பெட்டகம் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்குப் போனாலும் அந்தப் பக்கம் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

அக்கா வைத்திக்குப்பத்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்து இரண்டு முறை போனார். இரண்டு முறையும் பட்டப்பகலில். "தூங்கறாரு" என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றே சொல்லி அனுப்பினார் அந்தோணியின் மனைவி. நாங்கள் கூட்டத்தை விடவில்லை. ஆனால் அழைத்து வந்தவர்களிடம் அக்கா மூன்றாவது கேள்விக்குப் போவதில்லை. புத்தகங்களில் பென்சில் கைகள் குறைந்துபோயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி ஒருவர் வந்தார். உயரமானவர், நரைத்த மீசை.

"இங்க எழுதறவங்க யாரு?"

"நான்தான்" என்றார் அக்கா.

"நான் அந்தோணி."

"உக்காருங்கண்ணே" என்று செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காந்து பேச வரலம்மா. உக்காந்து பேசினவன்தான் பேசிட்டுப் போயிட்டானே." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நகைக்கடைல வாச்மேன் வேலைக்குப் போனேன். மொதலாளி போனக் காட்டறாரு. 'இது நீதானேய்யா'ங்கறாரு. நீல வேன், பச்சத் துண்டு. என் துண்டு என்னா கலருன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஒங்களுக்குத் தெரியுது."

"நான் என்னா செய்யணும், சொல்லுங்க" என்றார் அக்கா.

"இன்னொண்ணு எழுதுங்க."

"என்னன்னு?"

"அந்தோணி யாருக்கும் நம்பர் சொல்லல. யாரு நம்பரும் அவனுக்குத் தெரியாது. அப்படி எழுதுங்க. அது போன வழியிலயே இதுவும் போவட்டும்."

அக்கா "அது..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"பொய்தான். தெரிஞ்சிதான் கேக்கறேன். என்ன ஒரு வார்த்த கேக்காம நெஜத்த எழுதினீங்க. இப்ப நானே வந்து கேக்கறேன், பொய்யா எழுதுங்க."

அந்தச் சூட்கேஸ்களுக்கு நடுவில் அப்படி ஒரு கோரிக்கை அதற்கு முன் வந்ததில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு பக்கம். அக்காவுக்கு அப்படி இல்லை. கூடப் பிறந்த தம்பிக்காகக்கூட நனைந்த பெட்டியைப் பற்றி வாய் மூடி இருக்காதவர் அவர். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஏதாவது பேசி, நடந்ததை விளக்கி, அந்த மனிதரைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்றும் பயந்தேன்.

"அடுத்த ஞாயிறு வாங்க" என்றார்.

வழக்கமாக அரைமணியில் எழுதுகிறவர், அந்த வாரம் முழுவதும் எழுதினார். தம்பி என்னிடம் சொன்னார்: "எங்க அக்கா ராத்திரி சோறு துன்னாம தாளக் கிழிச்சிக்கினு ஒக்காந்திருக்கு. என்னா புக்கு சார் அது?"

அந்தோணி வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். அக்கா தாளைக் கொடுத்தார். அவர் உதடு அசைய மெதுவாக வாசித்தார். எங்களுக்கு அக்கா முன்பே காட்டியிருந்தார். இரண்டு பேர் வேனிலிருந்து இறங்குகிறார்கள். ஒருவர் எண்ணைப் போடும்போது மற்றவர் முதுகைக் காட்டி நிற்கிறார். ஒருவர் ஒரு கடையில் டீ குடிக்கிறார், மற்றவர் எதிர்க்கடையில். ஜுரம் வந்தால் வேலைக்கு வருவதில்லை. பேச்சு கிடையாது. அந்தத் துப்பறியும் நாவலில் எது தவறு என்று ஓரத்தில் கை வரைந்தாரோ அதையே, அதைவிட நன்றாக எழுதியிருந்தார். நம்பும்படி இருந்தது. அவர் எழுதினால் நம்பும்படிதான் இருக்கும்.

அந்தோணி படித்து முடித்து முதல் பத்திக்குத் திரும்பிப் போனார்.

"இதுல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டமா?"

"பேசினா நம்பரையும் பேசியிருப்பீங்கன்னு தோணும்" என்றார் அக்கா.

"இத்தினி வருஷம் ஒரே வண்டி."

"ஆமா."

"டீ கூட வேற வேற கடையா?"

"ஆமா."

அவர் தாளை மடித்தார். பிறகு மடித்ததை நீவி, திருப்பிக் கொடுத்தார். "குமரவேலு இதப் பாத்தா சிரிப்பான்" என்றார். உடனே, "சிரிக்க மாட்டான். சரி, அனுப்புங்க" என்றார்.

அக்காவே அனுப்பினார். நாங்கள் ஏழு பேரும் முன்பு யார் யாருக்கு அனுப்பினோமோ அவர்களுக்கெல்லாம் அனுப்பினோம். இது முதல் பக்கம் போன வேகத்தில் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். என் அக்காள் மகன் பதில் போடவே இல்லை. ஆனால் கோடைக்குள் அந்தோணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை கிடைத்தது. மண்டபத்தார் பார்த்தது இரண்டாவது பக்கத்தையா, அல்லது எதையுமே பார்க்கவில்லையா என்று நாங்கள் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் எங்களுக்கு விட்டுப்போயிருந்தது.

அடுத்த ஆண்டு மாசி மகத்தன்று அக்கா என்னை வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரச் சொன்னார். சுவாமி தூக்குகிறவர்கள் வரும் ஒரு நாவலை அந்த மாதம் எடுத்திருந்தோம். பல்லக்குத் தண்டு தோளில் எந்த இடத்தில் உட்காருகிறது, தோள் மாற்றும்போது யார் முதலில் குரல் கொடுக்கிறார் என்று அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய ஆர்வம் கொஞ்சம் திரும்பியிருப்பதாக எனக்குப் பட்டது. வெயிலில் முக்காட்டின் மேல் ஒரு துண்டையும் போட்டுக்கொண்டு, வரிசையாக வந்து நின்ற பல்லக்குகளை நோக்கிக் கூட்டத்தில் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

நீர்மோர்ப் பந்தல்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒரு பந்தலில் அந்தோணி நின்றிருந்தார். அவர் வீடு பக்கத்துச் சந்தில்தான். அடுத்த பந்தலில், தலை ஈரமாக, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குமரவேல். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தாகிவிட்டது என்று அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஒருவர் முதுகு இன்னொருவர் முதுகைப் பார்த்திருக்க, ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தோளில் இருந்த குழந்தை திரும்பிப் பார்த்துக் கத்தியது: "அப்பா, அந்தோணி மாமா! மாமாவ்!"

அந்தோணியின் டம்ளர் பாதியில் நின்றது. குமரவேல் குழந்தையின் காலைப் பிடித்து மறுபக்கம் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். அந்தோணி மீதி மோரைக் குடித்து, டம்ளரை வைத்துவிட்டு, படகுகள் இருந்த பக்கமாக நடந்து போனார்.

பல்லக்கு ஒன்று எங்களை உரசிக்கொண்டு கடலை நோக்கிப் போயிற்று. தூக்குகிறவர்கள் தோள் மாற்றினார்கள். யாரோ குரல் கொடுத்தார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலியாகிவிட்ட அந்த இரண்டு பந்தல்களையும், எங்காவது ஒரு வரி மாறியிருக்காதா என்பதுபோல, மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாத்தீங்களா" என்றார் கடைசியில். "நான் எழுதின மாதிரியே நின்னாங்க."